கொலுவுக்குப் பின்னால் இருந்த ஜன்னல்

நாகமணி அக்காவின் தோள்பையில் எப்போதும் நான்கு பொருள்கள் இருக்கும். இழுத்தால் நீளும் இரும்பு டேப், டார்ச், சுவரில் குத்தினால் ஈரத்தை எண்ணாகக் காட்டும் சின்ன மீட்டர், பிறகு நீல நிற பிளாஸ்டிக் உறைகள் ஒரு பாக்கெட். முதல் மூன்றும் டவுன்ஷிப், அதாவது உள்ளூர் நிர்வாகம், கொடுத்தவை. நான்காவது அவராக வாங்கிக்கொண்டது. வேலை நேரத்தில் பூட்ஸைக் கழற்றக் கூடாது என்பது விதி. நம்மவர்கள் வீட்டுக்குள் பூட்ஸோடு நுழைய அவருக்கு மனம் வராது. அதனால் வாசலில் நின்று பூட்ஸுக்கு மேல் அந்த உறையை மாட்டிக்கொள்வார். "வீட்டையே மூடச் சொல்லி எழுதப்போறவளுக்கு இது ஒண்ணுதான் கொறச்சல்" என்று அவரே சொல்லிச் சிரிப்பதுண்டு.

அவர் ஹவுசிங் இன்ஸ்பெக்டர். அமெரிக்காவில், நியூ ஜெர்சியில், மான்மவுத் ஜங்ஷனுக்குப் பக்கத்து டவுன்ஷிப் ஒன்றில், ஒரு வீடு மனிதர் குடியிருக்கத் தகுந்ததா இல்லையா என்று பார்த்து எழுதுவது அவர் வேலை. இந்தப் பக்கத்துத் தமிழ்ப் பெண்களில் இப்படி ஒரு வேலை பார்ப்பவர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான். தன்னைப் பற்றி அதிகம் பேசமாட்டார். அவர் துண்டு துண்டாகச் சொன்னதையும், நான் கண்ணால் பார்த்த ஒரு வியாழக்கிழமையையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

சொந்த ஊர் திண்டுக்கல். பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமோ. ஒரு கட்டட ஒப்பந்தக்காரரிடம் இரண்டு வருடம் பிளான் வரைந்தார். இரண்டாயிரத்து நான்கில் கல்யாணமாகி எச்-ஃபோர் விசாவில் இங்கே வந்தார். கணவரோடு வந்து இருக்கலாம், வேலை பார்க்கக் கூடாது என்கிற விசா அது. மான்மவுத் ஜங்ஷனில் ஒரு தெலுங்குக் குடும்பத்தின் பேஸ்மென்ட்டில், வீட்டுக்கு அடியிலுள்ள நிலவறையில், வாடகைக்கு இருந்தார்கள். முதல் குளிர்காலத்தில் தலைவலி தொடங்கியது. சனி ஞாயிறில் இருவருக்கும் வலிக்கும். திங்கட்கிழமை ஆபீஸ் போனால் கணவருக்குச் சரியாகிவிடும். இவருக்கு ஆகாது, இவர் போவதற்கு இடமே இல்லை. ஊர் ஞாபகம் என்றார்கள். பிள்ளை பெற்றால் சரியாகும் என்றார்கள். பிரிட்ஜ்வாட்டர் கோயிலில் அர்ச்சனை செய்தார்கள். மார்ச் மாதம் அடுப்பைச் சரிபார்க்க வந்த கேஸ் கம்பெனி ஆள் கையிலிருந்த, விஷவாயுவைக் கண்டுபிடிக்கும் கருவி, படியிறங்கும்போதே கத்த ஆரம்பித்தது. அவன் இவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே ஓடினான்.

"நைட்டியோட பனியில நின்னேன். அன்னிக்குத்தாங்க தெரிஞ்சுச்சு, எனக்கு ஊரு ஞாபகமெல்லாம் ஒண்ணும் இல்ல, வீட்டச் சூடாக்குற பாய்லரு புகைக்குழாயில ஓட்டைன்னு."

வேலை பார்க்க அனுமதி வர அதன் பிறகு பத்து வருடம் ஆனது. தோழிகள் எல்லாரும் சாஃப்ட்வேர் டெஸ்டிங் கோர்ஸ் படித்தார்கள். இவர் மாவட்டத்து கவுண்டி காலேஜில் மாலை வகுப்பில் சேர்ந்து வீட்டுச் சோதனைக்கான லைசென்ஸ் எடுத்தார்.

அவர் மேஜையில் ஒரு பழைய அட்டையின் நகல் இருக்கிறது. நூறு வருடத்துக்கும் முந்தையது, டவுன்ஷிப்பின் பழைய பெட்டி ஒன்றில் கிடைத்தது. அன்றைய சுகாதார இன்ஸ்பெக்டர் ஒருவர் ஒரு தொழிலாளி வீட்டைப் பார்த்து எழுதியிருக்கிறார்: உள்ளறை, ஆறு பேர், ஜன்னல் இல்லை, ஜன்னல் வைக்க உத்தரவு. ஆறு மாதம் கழித்து அதே கையெழுத்தில், ஜன்னல் வைக்கப்பட்டது. அதற்கும் கீழே வேறொருவர் பென்சிலில் குறித்திருக்கிறார்: ஜன்னல் பக்கத்து அறைக்குள் திறக்கிறது. வீட்டுக்காரர் வெளிச்சுவரை உடைக்காமல், இரண்டு அறைக்கும் நடுவே இருந்த சுவரில் ஓட்டை போட்டுச் சட்டம் அடித்துவிட்டார். ஜன்னல் இருக்கிறது, காற்று இல்லை. "முதல் ஆளு பொய் எழுதல. திறந்து பாக்கல, அவ்வளவுதான்" என்பார் நாகமணி அக்கா. எங்கே போனாலும் ஜன்னலைத் திறந்து பார்ப்பது அவருக்குப் பழக்கமாகிவிட்டது.

இதற்கு அவர் கொடுத்த விலையும் உண்டு. இந்தப் பக்கத்தில் பேஸ்மென்ட்டை வாடகைக்கு விட்டிருக்கிற நம்மவர்கள் கொஞ்சநஞ்சம் பேர் இல்லை. கோயில் சாப்பாட்டு வரிசையில் இவரைக் கண்டால் பேச்சு நின்றுவிடும். வீட்டுக்குக் கூப்பிட மாட்டார்கள். வேலையில் சேர்ந்த பிறகு வந்த எட்டு நவராத்திரியிலும் ஒரு வீட்டிலிருந்துகூட வெற்றிலை பாக்குக்கு அழைப்பு வரவில்லை. ஒன்பதாவது நவராத்திரியில் அவர் ஒரு கொலுவைப் பார்த்தார். அது எங்கள் பேஸ்மென்ட்டில்.

நாங்கள் டெக்சஸில், சுகர் லேண்டில் இருந்தோம். திடீரென்று என் வேலை போயிற்று. என் விசாப்படி அறுபது நாளுக்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால் நாட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். ஐம்பத்தோராம் நாள் நியூ ஜெர்சியில் வேலை கிடைத்தது. அபார்ட்மென்ட்காரர்கள் மூன்று மாதச் சம்பளச் சீட்டு கேட்டார்கள். சுப்பையன் அங்கிள் எதுவும் கேட்கவில்லை. கோவில்பட்டிக்காரர், ரிட்டயர் ஆனவர். "கீழ சும்மாதான கெடக்கு, வந்து இருங்க" என்றார். காகிதம் இல்லை, கையெழுத்து இல்லை. நான், மனைவி யாமினி, நாலு வயது மகள் தீக்ஷா மூன்று பேரும் அவர் பேஸ்மென்ட்டில் ஒன்றரை வருடம் இருந்தோம்.

கிரீன் கார்டு வரிசையில் நிற்கும் எனக்கு ஒரு வியாதி உண்டு. அரசாங்கக் காகிதம் எதிலும் என் பெயர் ஏறிவிடக் கூடாது. பார்க்கிங் டிக்கெட் வந்தால்கூட இரண்டு நாள் சோறு இறங்காது. அந்த பேஸ்மென்ட் எனக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது. அங்கே நான் எந்தக் காகிதத்திலும் இல்லை.

ஏறி இறங்க ஒரே படிக்கட்டு. படிக்கு அடியில் பாய்லரும் துணி உலர்த்தும் டிரையரும். எதிர்ச்சுவரில் கூரையை ஒட்டி ஒரு ஜன்னல். ஆகஸ்ட் கடைசியில் ஒரு நாள் மத்தியானம் டிரையரில் பஞ்சு சேர்ந்து புகைந்தது. யாமினி ஈரத் துண்டைத் தீக்ஷாவின் முகத்தில் போட்டுத் தூக்கிக்கொண்டு, அந்தப் புகைக்குள்ளேயே படியேறி ஓடினாள். தீயணைப்பு வண்டி வந்து அணைத்தது. வந்தவர்கள் கட்டிலையும் பார்த்துவிட்டார்கள், அனுமதி இல்லாத பேஸ்மென்ட்டில் ஆள் படுக்கிறார்கள் என்று டவுன்ஷிப்புக்கு எழுதிவிட்டார்கள்.

அன்றிலிருந்து யாமினிக்கு அந்த ஜன்னல்தான் தைரியம். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா படி பக்கமே போகக் கூடாதுங்க. சேர் போட்டு ஏறி, ஜன்னல் வழியா தீக்ஷாவ வெளிய தள்ளிடணும். நம்ம அப்புறம் பாத்துக்கலாம்." தீக்ஷாவுக்குச் சேரில் ஏறப் பயிற்சியும் கொடுத்தாள்.

செப்டம்பர் மழையில் அந்த ஜன்னல் வழியாகத் தண்ணீர் இறங்கியது. யாமினி தீக்ஷாவோடு லைப்ரரி போயிருந்த நேரத்தில் அங்கிள் ஒரு பிளைவுட் பலகையை வைத்துப் பத்து ஸ்க்ரூ முடுக்கி ஜன்னலை அடைத்தார். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். பிறகு பழைய திரையை இழுத்துவிட்டேன். யாமினியிடம் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அந்த அப்புறம் வரவே இல்லை.

அடுத்த வாரம் அங்கிள் ஒரு கடிதத்தோடு இறங்கி வந்தார்.

"செழியா, வியாழக்கிழம இன்ஸ்பெக்‌ஷனாம்டே. மூஞ்சிய ஏன் அப்படி வைக்க? வாரது நம்ம தமிழ்ப் பொம்பளதான். நாகமணின்னு பேரு போட்டிருக்கு."

"அவங்க ரொம்ப ஸ்ட்ரிக்ட்டுன்னு சொல்றாங்க அங்கிள்."

"நம்மூருப் பொம்பளைன்னா ஒரு வழி இருக்குலா." குரலைத் தாழ்த்தினார். "வியாழக்கிழம நவராத்திரி நாலாம் நாளு. கொலுப்படிய அந்த ஜன்னல் செவுத்துல சாத்தி வச்சிரு. வெள்ளக்காரன்னா தள்ளி வைங்கம்பான். இவ சொல்லுவாளா? கலசம் வச்ச கொலுவ அசைக்கச் சொல்ல எவளுக்கு மனசு வரும்?"

அவர் மனைவி, மகளின் பிரசவத்துக்காகச் சென்னை போயிருந்தார். பொம்மைப் பெட்டிகள் எங்கள் அறையிலேயே இருந்தன. "ஆன்ட்டி இல்லன்னு கொலு நின்னுரக் கூடாது தாயி, நீயே வச்சிரு" என்று அங்கிள் சொன்னதும் யாமினிக்குக் கண் கலங்கிவிட்டது. "அங்கிள், நெஜமாவா?" கல்யாணமான பிறகு அவள் வைக்கிற முதல் கொலு. ஐந்து படி. மரப்பாச்சிக்குத் தன் பட்டுப் புடவை ஓரத்தை வெட்டிப் பாவாடை தைத்தாள். அவள் ஒவ்வொரு பொம்மையாக அந்தச் சுவரை மறைக்க மறைக்க, நான் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

இன்ஸ்பெக்‌ஷன் வருவது அவளுக்குத் தெரியும். மேலே குடியிருப்பதாகச் சொல்லப்போகிறோம் என்பதும் தெரியும், பிடிக்கவில்லை. கட்டிலையும் மெத்தைகளையும் மேலே கொண்டுபோனோம். பல் தேய்க்கும் பிரஷ்களைக்கூட எடுத்துவிட்டோம்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு நாகமணி அக்கா வந்தார். அடையாள அட்டையைக் காட்டினார், உள்ளே வரலாமா என்று கேட்டார், குனிந்து நீல உறைகளை மாட்டிக்கொண்டார். குட்டையான உருவம், காதில் சின்னத் தோடு.

"வா தாயி, வா. எந்த ஊரு?"

"திண்டுக்கல்லுங்க. பேஸ்மென்ட்டுக்கு வழி எங்கிட்டு?"

"மொதல்ல ஒரு வாய் காப்பி..."

"வேண்டாங்கய்யா. தண்ணி பாட்டில் வச்சிருக்கேன்."

கீழே இறங்கியவர் கொலுவைப் பார்த்ததும் நின்றுவிட்டார். கை தானாகக் கன்னத்துக்குப் போயிற்று. கொஞ்ச நேரம் இன்ஸ்பெக்டராகவே இல்லை. படிகளை எண்ணினார், செட்டியாரின் கடையைக் குனிந்து பார்த்தார். அங்கிள் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

"யாரு வச்சது?"

"நான்தான் மேடம்" என்றாள் யாமினி. "எதுவும் தப்பா இருந்தா சொல்லுங்க. எங்க வீட்ல பழக்கம் இல்ல."

"அழகா இருக்கும்மா." பிறகு டார்ச்சை எடுத்தார். பாய்லரைப் பார்த்தார், டிரையரின் பின்னால் எட்டிப் பார்த்தார், சுவரில் மீட்டரைக் குத்தினார், எழுதினார். கூரையை நிமிர்ந்து பார்த்தவர் சட்டென்று விளக்கை அணைத்தார். தலைக்கு மேல், மூலையில், நாற்பது ஐம்பது பிளாஸ்டிக் நட்சத்திரங்கள் பச்சையாக ஒளிர்ந்தன. தீக்ஷா படுக்கும் இடத்துக்கு நேர் மேலே ஒட்டியவை. பிரஷ்களை எடுத்த எனக்கு அது ஞாபகம் வரவில்லை.

விளக்கைப் போட்டார். "இங்க யாரு தூங்குறாங்க?"

"யாரும் இல்ல தாயி. பசங்க மேல என்கூட இருக்காங்க. இது பூஜை ரூமு மாதிரி."

தீக்ஷா வாயைத் திறந்தாள். நாகமணி அக்கா கையை உயர்த்தி அவளைத் தடுத்தார். "நீ சொல்லாதடா கண்ணு. கொழந்தைங்ககிட்ட நான் கேக்கறதில்ல." திரும்பி, "ஜன்னல் எங்க?" என்றார்.

"கொலுவுக்குப் பின்னால இருக்கு. கலசம் வச்சாச்சு, அசைக்கக் கூடாதுல்லா? ஒனக்குத் தெரியாததா."

நாகமணி அக்கா பேனாவை மூடினார். எங்கள் பொருளை அவர் தொடக் கூடாது, அது விதி. நகர்த்துங்கள் என்று எங்களிடம் கேட்கலாம். அதைக் கேட்க அவருக்கு நாக்கு எழவில்லை. தப்பித்தோம் என்று நினைத்தேன். ஜன்னலைப் பார்க்க முடியவில்லை என்று எழுதுவார், மறுபடி வரத் தேதி கொடுப்பார், அதற்குள் அங்கிள் எதையாவது செய்வார்.

"ஜன்னல் இருக்குன்னு மட்டும் எழுத மாட்டேங்கய்யா. ஒருத்தர் அப்படி எழுதினத தெனம் பாக்குறேன்." பிறகு யாமினியிடம் கேட்டார், "திறக்குமாம்மா?"

"நல்லா திறக்கும் மேடம். தீக்ஷாவுக்கு ஏறக்கூடப் பழக்கியிருக்கேன்."

அங்கிள் தரையைப் பார்த்தார். யாமினி அவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"திறக்கும்தானேங்க?"

நான் போனை எடுத்து மணி பார்த்தேன். அதைவிடக் கேவலமாக நான் எதுவும் செய்ததில்லை.

அவள் கொலுவின் முன்னால் போய் நின்று கும்பிட்டாள். மேல்படியிலிருந்த மரப்பாச்சியை எடுத்து, பட்டுத் துணியில் படுக்க வைத்தாள்.

"ஏ தாயி! என்ன பண்ணுத? விஜயதசமிக்குல்லா படுக்க வைக்கணும்! நாலாம் நாளு... ஆகாதும்மா, வீட்டுக்கே ஆகாது!"

"அம்மா, இஸ் இட் பெட்டைம் நவ்?" என்றாள் தீக்ஷா.

"ஆமாடா. கொலு தூங்கிருச்சு." கலசத்தை இரண்டு கையாலும் எடுத்து டிரையரின் மேல் வைத்தாள். "என் பொண்ணு அந்த ஸ்டார்ஸுக்குக் கீழதான் அங்கிள் தெனமும் படுக்கறா. நாங்க இங்கதான் மேடம் இருக்கோம். ஒன்றரை வருஷமா."

பிறகு பொம்மைகளை எடுக்க ஆரம்பித்தாள். நான் கை நீட்டினேன், அவள் கொடுக்கவில்லை. ஒவ்வொன்றாகத் தானே தரையில் அடுக்கினாள். தீக்ஷா உதவினாள். அங்கிள் படியில் உட்கார்ந்துவிட்டார். நாகமணி அக்கா சுவரோரம் காத்து நின்றார். அவர் கண் முழுக்க அந்தப் படுத்திருந்த மரப்பாச்சியின் மேல்தான் இருந்தது. படி காலியானதும் யாமினி திரையை விலக்கினாள். பலகை. அதன் ஓரங்களில் கறுப்பாகப் பூஞ்சை. பத்து ஸ்க்ரூவும் பளபளவென்று புதிதாக இருந்தன.

"ஏணிய இன்னொருத்தர் பிடிச்சாத்தான் இத அடிச்சிருக்க முடியும்" என்றாள் யாமினி, யாரிடமும் இல்லாமல்.

அங்கிளே ஸ்க்ரூ டிரைவர் கொண்டுவந்து பலகையைக் கழற்றினார். நாகமணி அக்கா டேப்பை இழுத்து வைத்தார். உயரம் பதினான்கு அங்குலம். பலகை இல்லாவிட்டாலும் அந்த வழியாகப் பெரிய ஆள் போக முடியாது. குழந்தையை வெளியே தள்ளியிருக்கலாம். யாமினி அதற்கு மட்டும்தான் கணக்குப் போட்டிருந்தாள்.

"மழத் தண்ணி வந்துச்சும்மா" என்றார் அங்கிள். "ஊரே கதவ மூடினப்போ நான்தான எடம் குடுத்தேன்? பாவம்னுதான குடுத்தேன்?"

"தெரியுங்கய்யா. எனக்கும் ஒருத்தவங்க அப்படித்தான் குடுத்தாங்க" என்றார் நாகமணி அக்கா. சிவப்புக் காகிதத்தைப் படிக்கு மேலிருந்த கதவில் ஒட்டினார். மனிதர் குடியிருக்கத் தகுதியற்றது. இனி யாரும் அங்கே படுக்கக் கூடாது. சாமான்களை எடுக்க மட்டும் நாலு நாள்.

நான் அந்தக் காகிதத்தை மூன்று முறை படித்தேன். வீட்டு எண் இருந்தது, சுப்பையன் அங்கிளின் பெயர் இருந்தது.

"என்ன தேடுறீங்க?" என்றார் நாகமணி அக்கா.

"என் பேரு..."

"உங்க பேரு எதுக்குங்க இதுல? தப்பு வீட்டோடது. இதத்தான் இவ்ளோ நாளா பயந்தீங்களா?"

கவுண்டி அலுவலகத்தில் யாரைக் கேட்டால் தாற்காலிக இடம் கிடைக்கும் என்று ஒரு நம்பர் எழுதிக் கொடுத்தார். கிளம்பும்போது யாமினி வெற்றிலை, பாக்கு, மஞ்சளோடு ஒரு சின்னத் தட்டை நீட்டினாள். நாகமணி அக்கா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"கேஸ் முடியற வரைக்கும் உங்க வீட்ல ஒரு வாய் சுண்டல்கூட வாங்கக் கூடாதும்மா. தப்பா எடுத்துக்காத." சொல்லிவிட்டுத் தட்டையே பார்த்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றார். பிறகு படியேறினார்.

ஐந்து வாரம் மோட்டல் ஒன்றில் இருந்தோம். யாமினி என்னிடம் வேண்டியதற்கு மட்டும் பேசினாள். நவம்பரில் மூன்றாம் மாடியில் ஓர் அபார்ட்மென்ட் கிடைத்தது. ஆபீஸுக்கு ஒன்றேகால் மணி நேரம். அங்கிள் கோபத்தில் ஒரு மாதம் போன் எடுக்கவில்லை. பிறகு பெர்மிட் வாங்கி, வெளிப்பக்கம் மண்ணைத் தோண்டி, ஆள் ஏறிப் போகிற அளவுக்குப் பெரிய ஜன்னல் வைத்தார். டிரையரை மேலே மாற்றினார். ஜன்னலின் படத்தை எனக்கு வாட்ஸப்பில் அனுப்பினார், ஒரு வார்த்தையும் எழுதாமல். ஆன்ட்டி ஊரிலிருந்து திரும்பியதும் அந்த மரப்பாச்சியைத் துணியில் சுற்றி எங்களுக்குக் கொடுத்தனுப்பினார். நாலாம் நாள் படுத்த பொம்மை இனி தன் கொலுவில் நிற்க வேண்டாம் என்றாராம். அதைக் கோபம் என்று எடுத்துக்கொள்வதா, கொடை என்று எடுத்துக்கொள்வதா என்று எனக்குத் தெரியவில்லை. யாமினி அதை அலமாரியில் நிற்க வைத்தாள்.

பிப்ரவரியில் கேஸ் முடிந்தது. அந்த வாரமே யாமினி போன் செய்தாள். "நவராத்திரி இல்லதான் அக்கா. இருந்தாலும் வாங்க."

நாகமணி அக்கா புடவையில் வந்தார். வாசலில் குனிந்து பூட்ஸைக் கழற்றினார். வெறுங்காலோடு உள்ளே வந்து, தீக்ஷாவின் அறைக்கு நேராகப் போய், ஜன்னலின் கொக்கியை நீக்கி அதை மேலே தூக்கித் திறந்தார். பனிக்காற்று சுளீரென்று உள்ளே வந்தது. தீக்ஷா, "இட்ஸ் ஃப்ரீஸிங்!" என்று கத்தினாள். தீப்பிடித்தால் இறங்குவதற்காக வெளியே இருந்த இரும்புப் படியை அவர் கையால் ஒரு முறை ஆட்டிப் பார்த்தார்.

"பரவால்ல. ஆடல."

பிறகு ஜன்னலை மூடிவிட்டு ஹாலில் வந்து உட்கார்ந்தார். யாமினி குங்குமத்தை நீட்டினாள். வெற்றிலை, பாக்கு, ஒரு ரவிக்கைத் துணி, கிண்ணத்தில் சுண்டல். அக்கா அவற்றை மடியில் வைத்துக்கொண்டார். சாப்பிடாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"உப்பு பத்தலையா அக்கா?"

"இன்னும் வாயிலயே வைக்கலடி" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சுண்டலை எடுத்தார்.

நான் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். இருவரும் என்னை உட்காரச் சொல்லவில்லை.